ஜான் ஜே: யாரோடு நின்றார், எங்கே விலகி நின்றார்?

1800ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். நியூயார்க் மாநில ஆளுநருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். ஆளுநருக்கு அவர் வேற்றாள் இல்லை. பல ஆண்டுப் பழக்கம், ஒரே கட்சி, சேர்ந்து கட்டுரைத் தொடர் எழுதிய நெருக்கம். கடிதத்தின் சாரம் இது: மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நம் கட்சி தோற்றுவிட்டது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 12 தேர்வாளர்களை நியமிப்பது சட்டமன்றம்தான். புதிய சட்டமன்றம் கூடினால் அந்த 12 வாக்கும் ஜெஃபர்சன் பக்கம் போய்விடும். பழைய சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. அதை உடனே கூட்டித் தேர்தல் விதியை மாற்றிவிடுங்கள். இந்த மாதிரிக் காலத்தில் ரொம்பவும் நியாய அநியாயம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது.

ஆளுநர் சட்டமன்றத்தைக் கூட்டவில்லை. அந்தக் கடிதத்தின் மேல் தன் கைப்பட ஒரு வரிக் குறிப்பு எழுதி எடுத்துவைத்தார். கட்சி நலனுக்காகச் சொல்லப்படும் யோசனை, இதை ஏற்பது எனக்குத் தகாது என்பது அதன் பொருள். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் கட்சி தோற்றது.

அந்த ஆளுநர்தான் ஜான் ஜே. வாஷிங்டன், ஜெஃபர்சன், ஃபிராங்க்ளின் என்ற பெயர்களை நாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறோம். ஜே என்ற பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் அவர்கள் எல்லோருடைய கதையிலும் அவர் எங்காவது ஓரிடத்தில் நிற்பார். மாகாணங்களின் பொது அவைத் தலைவர், தூதர், வெளியுறவுச் செயலர், முதல் தலைமை நீதிபதி, ஆளுநர் என அவர் வகிக்காத பதவி அதிபர் பதவி மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் தொடக்கக் காலத்தை முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களுக்கு நான் இவரைத்தான் வாசலாகக் காட்டுவேன். காரணம் அவருடைய பதவிகள் அல்ல, உறவுகள்.

அவர் பொதுவாழ்க்கைக்கு வந்த நாளில் அங்கே அரசியல் கட்சிகள் இல்லை. நிரந்தர அரசு ஊழியர்கள், தேர்வு வாரியம், கட்சி அலுவலகம் எதுவும் இல்லை. ஒருவரை ஒரு பொறுப்பில் அமர்த்த வேண்டுமென்றால் அவரை யாருக்குத் தெரியும், யாருடைய மருமகன், யாரோடு கல்லூரியில் படித்தார் என்பதே முதல் கேள்வி. கொள்வினை கொடுப்பினையும் கூட்டாளித்தனமும்தான் அரசாங்கத்தின் நரம்புகள். ஜேயின் வாழ்க்கையில் அந்த நரம்புகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. எது இறுகியது, எது அறுந்தது, எதை அவரே வெட்டிக்கொண்டார் என்று பார்க்கலாம்.

வந்தேறிக் குடும்பம், பெரிய சம்பந்தங்கள்

தாத்தா அகஸ்டஸ் ஜே பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்துக்காரர். ஹியூகனாட் என்று அழைக்கப்பட்ட பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு மரபினர். 1685இல் மன்னர் பதினான்காம் லூயி புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தபோது, அகஸ்டஸ் ஆப்பிரிக்கப் பயணத்தில் இருந்தார். ஊர் திரும்பினால் பெற்றோர் இல்லை. இங்கிலாந்துக்குத் தப்பிப் போயிருந்தார்கள். சொத்தும் பறிபோயிருந்தது. அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, பிறகு நியூயார்க்கில் வியாபாரியாக நிலைத்தார்.

வந்தேறிய குடும்பம் இரண்டே தலைமுறையில் மேல்தட்டுக்குப் போனது சம்பந்தங்களால். நியூயார்க் முதலில் டச்சுக்காரர்களின் ஊர். பழைய டச்சுக் குடும்பங்கள்தான் அங்கே நிலமும் செல்வாக்கும் உள்ளவை. ஜேயின் தாய் மேரி, வான் கோர்ட்லாண்ட் குடும்பத்துப் பெண். அவருடைய தந்தை நியூயார்க்கின் மேயராக இருமுறை இருந்தவர். 1745 டிசம்பரில் ஜான் பிறந்தபோது, அண்ணன் ஒருவருக்கும் அக்கா ஒருவருக்கும் பெரியம்மையால் ஏற்கெனவே பார்வை போயிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பட்டணத்தைவிட கிராமம் நல்லது என்று குடும்பம் ரை என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஜான் வளர்ந்தது அங்கேதான்.

14 வயதில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம் அதுதான். படிப்பு முடியும் தறுவாயில் நடந்த ஒரு சம்பவத்தை அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. மாணவர்கள் சிலர் சாப்பாட்டு அறையில் மேசையை உடைத்துவிட்டார்கள். யார் செய்தது என்று தலைவர் வரிசையாகக் கேட்டார். ஜேயின் முறை வந்தது. தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றார். மாணவர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கல்லூரி விதியில் எங்கும் இல்லை என்று வாதாடவும் செய்தார். சிறிது காலம் கல்லூரியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்; திரும்பி வந்து 1764இல் பட்டம் வாங்கினார். நண்பர்களை விட்டுக்கொடுக்காதவர், அதே நேரத்தில் விதிப் புத்தகத்தையும் கையில் வைத்திருப்பவர். பிற்கால ஜே முழுவதும் இந்தச் சிறுகதைக்குள் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

கல்லூரியில் கிடைத்த நெருங்கிய நண்பர் ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். நியூயார்க்கின் மிகப் பெரிய ஜமீன் குடும்பங்களில் ஒன்று லிவிங்ஸ்டன் குடும்பம். ஜே 1768இல் வழக்கறிஞரானதும் இருவரும் கூட்டாகத் தொழில் நடத்தினார்கள். ஜே கூச்ச சுபாவம் உள்ளவர், பிடிவாதக்காரர்; லிவிங்ஸ்டன் கலகலப்பானவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

1774 ஏப்ரலில் ஜே திருமணம் செய்துகொண்டது அதே லிவிங்ஸ்டன் வம்சத்தின் இன்னொரு கிளையில். மணமகள் சாரா, வயது 17. மாப்பிள்ளைக்கு 28. மாமனார் வில்லியம் லிவிங்ஸ்டன் சில ஆண்டுகளில் நியூஜெர்சியின் ஆளுநரானார், 1787இல் அமெரிக்க அரசமைப்பில் கையெழுத்தும் போட்டார். கரீபியத் தீவிலிருந்து தனியாளாக வந்து சேர்ந்த ஒரு பையன் நியூஜெர்சிப் பள்ளி ஒன்றில் படித்த நாட்களில் இந்த மாமனார் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். அவன் பெயர் அலெக்சாண்டர் ஹாமில்டன்.

போர் வந்ததும் பிரிந்தவர்கள்

திருமணமான ஆண்டே கான்டினென்டல் காங்கிரஸ் கூடியது. அதைப் பற்றி ஒரு வார்த்தை: அது இன்றைய அமெரிக்க நாடாளுமன்றம் அல்ல. பிரிட்டனின் வரிகளை எதிர்த்த குடியேற்ற மாகாணங்கள் ஆளனுப்பிக் கூடிய பொது அவை. ஜே அங்கே போன இளையவர்களில் ஒருவர். பிரிட்டிஷ் மக்களுக்கு எழுதப்பட்ட முறையீட்டை வரைந்தவர் அவர். மன்னரோடு சமாதானமாகப் போக முடியும் என்று கடைசிவரை முயன்றவர்களில் அவரும் உண்டு. 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டபோது நியூயார்க் மாகாண வேலையாக இருந்ததால் அதில் அவர் கையெழுத்து இல்லை. முடிவு எடுத்தபின் அவர் தயங்கவில்லை. நண்பர் லிவிங்ஸ்டனோடும் கூவர்னூர் மாரிஸ் என்பவரோடும் சேர்ந்து 1777இல் நியூயார்க்கின் முதல் அரசமைப்பை உருவாக்கினார். அதை வரைந்ததில் பெரும் பங்கு ஜேயுடையது.

போர் என்றால் வெளியே பிரிட்டிஷ் படையோடு மட்டும் அல்ல. ஒவ்வொரு தெருவிலும் மன்னர் பக்கம் நிற்பவர், எதிர்த்து நிற்பவர், எந்தப் பக்கமும் சேராதவர் என்று வீடுகள் பிளந்தன. மன்னர் பக்கம் நின்றவர்களை லாயலிஸ்டுகள் என்பார்கள். சதிகளைக் கண்டுபிடிக்க நியூயார்க் அமைத்த குழுவில் ஜே இருந்தார். ஒற்றர்களை அனுப்புவதும், சந்தேகப்பட்டவர்களை விசாரிப்பதும் அதன் வேலை.

இங்கேதான் அவருடைய இரண்டு உறவுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

பீட்டர் வான் ஷாக், கிங்ஸ் கல்லூரி நண்பர், வழக்கறிஞர். பிரிட்டன் செய்வது தவறு என்று ஒப்புக்கொண்டார், ஆனால் ஆயுதம் எடுத்துப் பிரிவதற்கு அவர் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். 1778இல் அவரை நாடு கடத்தினார்கள். ஒரு கண்ணின் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. மனைவியும் அதே ஆண்டில்தான் இறந்தார். அவரை நாடு கடத்தியது ஜே சேர்ந்திருந்த தரப்பு.

மற்றொருவர் கூடப்பிறந்த அண்ணன் ஜேம்ஸ் ஜே. மருத்துவர், பிரிட்டிஷ் மன்னரிடம் 'சர்' பட்டம் வாங்கியவர். போரில் அமெரிக்கத் தரப்புக்கு அவர் செய்த உதவி சாதாரணமானதல்ல. ஒரு திரவத்தால் எழுதினால் தாள் வெறுமையாகத் தெரியும், இன்னொரு திரவத்தைத் தடவினால்தான் எழுத்து எழும். அவர் செய்துகொடுத்த இந்த மறை மையை வாஷிங்டனின் ஒற்றர்கள் பயன்படுத்தினார்கள். லாயலிஸ்டுகள் மீது கடும் நடவடிக்கை வேண்டும் என்று உரக்கப் பேசியவரும் அவரே. அப்படிப்பட்டவர் 1782இல் பிரிட்டிஷார் கையில் பிடிபட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். தானாகவே ஏற்பாடு செய்து பிடிபட்டார் என்ற சந்தேகம் எழுந்தது.

அப்போது ஜே பாரிசில் இருந்தார். அண்ணன் அப்படித்தான் நடந்துகொண்டார் என்றால், என் தந்தைக்கு இப்படி ஒரு மகன் இருப்பதை மறக்க முயல்வேன் என்று எழுதினார். லண்டனில் நாடு கடத்தப்பட்டு இருந்த வான் ஷாக்குக்கு அதே ஆண்டு எழுதியது வேறு மாதிரி. சுதந்திர அமெரிக்கன் என்ற முறையில் எங்களோடு இல்லாத எல்லோரையும், உன்னையும் சேர்த்துத்தான், எதிரியாகக் கருதினேன். ஆனாலும் ஜான் ஜே ஒருபோதும் பீட்டர் வான் ஷாக்கின் நண்பனாக இல்லாமல் போகவில்லை, இதை நம்பு என்றார். 1785இல் வான் ஷாக் நியூயார்க்குக்குத் திரும்பியபோது ஜே அவரை அன்போடு வரவேற்றார். பழையபடி வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் அவருக்கு அனுமதி கிடைத்தது.

ரத்த உறவைத் தள்ளிவிட்டு எதிர்த்தரப்பு நண்பனை அணைத்துக்கொள்வது நமக்குப் புரியாததாகத் தோன்றலாம். ஜேயின் கணக்கு எளிமையானது. வான் ஷாக் தன் மனசாட்சிப்படி நடந்தார், அதற்கான விலையைக் கொடுத்தார். அண்ணனோ பேசியது ஒன்று, செய்தது ஒன்று.

மாட்ரிடும் பாரிசும்

1778 டிசம்பரில் ஜே காங்கிரசின் தலைவரானார். அடுத்த ஆண்டே ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார்கள். மனைவி சாராவும் கூடவே கப்பலேறினார். மூத்த மகன் பீட்டர் தாத்தா வீட்டில் இருந்துவிட்டான். சாராவின் தம்பி பிராக்ஹோல்ஸ்ட் செயலராகக் கூட வந்தார். நடுக்கடலில் கப்பலின் பாய்மரங்கள் முறிந்து, மார்ட்டினிக் தீவில் ஒதுங்கி, வேறு கப்பல் பிடித்து 1780 ஜனவரியில்தான் ஸ்பெயின் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்பெயின் அரசவை அவரைத் தூதராகவே ஏற்கவில்லை. பெருங்கடன் கேட்டுப் போனவருக்குச் சிறு தொகைதான் கிடைத்தது. மாட்ரிடில் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. மச்சினரோடு ஏற்பட்ட மனக்கசப்பு கடைசிவரை ஆறவில்லை. பிற்காலத்தில் பிராக்ஹோல்ஸ்ட் அத்தானின் எதிர்க்கட்சியில் சேர்ந்தார். 1807இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் ஆனார்.

அந்தச் சோர்விலிருந்து மீட்டது ஃபிராங்க்ளினின் அழைப்பு. பிரிட்டனோடு சமாதானப் பேச்சு தொடங்குகிறது, பாரிசுக்கு வா என்றார். ஃபிராங்க்ளினுக்கு வயது 76, ஜேக்கு 36. பிரான்சுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்பது காங்கிரசின் கட்டளை. பிரான்சு அமெரிக்காவின் நேச நாடுதான், ஆனால் பிரான்சுக்கு ஸ்பெயினும் நேச நாடு. புதிய நாட்டை அப்பலாச்சியன் மலைகளுக்குக் கிழக்கே குறுக்கிவைப்பதில் இரண்டுக்கும் லாபம் உண்டு என்று ஜே சந்தேகித்தார். பிரெஞ்சு அமைச்சரின் செயலர் ரகசியமாக இங்கிலாந்து போனது தெரிந்ததும், ஃபிராங்க்ளினிடம்கூடச் சொல்லாமல் ஒரு ஆங்கிலேய நண்பரை லண்டனுக்கு அனுப்பிப் பிரிட்டிஷ் பிரதமரோடு நேரடி வழி திறந்தார். பிரெஞ்சு மன்னரால் விரட்டப்பட்ட குடும்பத்தின் பேரன் பிரான்சை எளிதில் நம்பாததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் குடும்ப நினைவுக்கு இருண்ட பக்கமும் இருந்தது. நியூயார்க் அரசமைப்பு எழுதும்போது கத்தோலிக்கர்களின் உரிமையைக் கட்டுப்படுத்த முயன்றவரும் ஜேதான்.

ஃபிராங்க்ளின் பிறகு ஜேயின் வழிக்கு வந்தார். ஜான் ஆடம்சும் வந்து சேர்ந்தார். 1782 நவம்பர் 30 அன்று முன்வரைவில் கையெழுத்து. 1783 செப்டம்பர் 3 அன்று முழு ஒப்பந்தம். மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறுவரை போனது. ஃபிராங்க்ளின் இளையவரிடம் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. தன் உயிலை நிறைவேற்றுபவர்களில் ஒருவராக ஜேயின் பெயரை எழுதிவைத்துப் போனார்.

இதே பாரிசில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. ஜே குடும்பத்தோடு அபி என்ற அடிமைப் பெண்ணும் வந்திருந்தார். 1783இல் ஜே உடல்நலத்துக்காக இங்கிலாந்து போயிருந்தபோது அபி வீட்டை விட்டு வெளியேறி, கூலிக்குத் துணி வெளுக்கும் ஒரு பெண்ணிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஃபிராங்க்ளினின் பேரன் மூலம் காவலர்களிடம் சொல்லி அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். திரும்பி வரமாட்டேன் என்று முதலில் உறுதியாக இருந்தார். சிறையில் நோய் கண்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், பிழைக்கவில்லை. ஒரு தேசத்தின் சுதந்திரத்துக்குக் கையெழுத்தான அதே ஆண்டில், கையெழுத்துப் போட்டவர் ஒருவரின் வீட்டில், சுதந்திரம் கேட்டு வெளியேறிய ஒரு பெண் செத்துப்போனார். சில மாதங்கள் கழித்து, மார்ட்டினிக்கில் வாங்கிய பெனுவா என்ற இளைஞனை இன்னும் மூன்று ஆண்டு உழைத்தபின் விடுவிப்பதாக ஜே எழுதிக்கொடுத்தார். மனிதர் எல்லோரும் இயல்பிலேயே சமமாகச் சுதந்திரமானவர்கள், அவர்களை அடிமையாக்குவது அநீதி என்பது அந்தப் பத்திரத்தின் முதல் வாசகம். அநீதி என்று எழுதிய கையே மூன்று ஆண்டும் கேட்டது.

விருந்து மேசையும் அரசமைப்பும்

1784இல் ஊர் திரும்பியபோது வெளியுறவுச் செயலர் பதவி காத்திருந்தது. அடுத்த ஆண்டே தலைநகரம் நியூயார்க்குக்கு வந்தது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் பழகி வந்த சாரா, வீட்டில் விருந்து கொடுப்பதை அரசு வேலை போலவே நடத்தினார். 1787, 1788ஆம் ஆண்டுகளில் யார் யாரை அழைத்தார் என்று அவர் எழுதிவைத்த பட்டியல் பிழைத்திருக்கிறது. காங்கிரஸ் உறுப்பினர்கள், வெளிநாட்டுத் தூதர்கள், உள்ளூர்ப் பெரிய வீட்டார் என்று நீளும் பெயர்கள். அமெரிக்காவின் தொடக்கக் காலத்தைப் பற்றிய எத்தனையோ ஆவணங்களைவிட அந்தச் சாப்பாட்டுப் பட்டியல் எனக்குப் பிடிக்கும். மாநிலங்கள் ஒன்றையொன்று நம்பாத காலத்தில், எதிரெதிர் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்த இடம் அது.

பதவி பெரிது, அதிகாரம் சிறிது. ஜே ஒப்பந்தம் பேசலாம். மாநிலங்கள் கேட்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. வலுவான மைய அரசு வேண்டும் என்ற எண்ணம் அந்த அனுபவத்தில் முற்றியது. 1787இல் புதிய அரசமைப்பு எழுதப்பட்டு, மாநிலங்களின் ஒப்புதலுக்கு வந்தபோது, ஹாமில்டனும் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசனும் ஜேயும் சேர்ந்து ஒரே புனைபெயரில் நியூயார்க் பத்திரிகைகளில் அதை ஆதரித்து எழுதினார்கள். ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்று பெயர் பெற்றவை அவை. மொத்தம் 85. ஜே எழுதியது ஐந்துதான்; உடல்நலம் கெட்டுப்போனது. அது தேறிவந்த நேரத்தில் இன்னொன்று. மருத்துவ மாணவர்கள் கல்லறைகளிலிருந்து உடல்களை எடுக்கிறார்கள் என்று 1788 ஏப்ரலில் நகரத்தில் கலவரம் வெடித்தது; அடக்கப் போன ஜேயின் தலையில் கல் விழுந்தது. அந்தக் காயம் ஆறி எழுந்து, ஒப்புதல் மாநாட்டுக்குப் போனார். லிவிங்ஸ்டனும் ஹாமில்டனும் அவரும் ஒரே பக்கம். 30க்கு 27 என்ற வாக்கில் நியூயார்க் ஒப்புதல் தந்தது.

1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டனுக்கு அதிபர் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர், மாநிலத்தின் சான்சலர் என்ற உயர் நீதிப் பதவியில் இருந்த லிவிங்ஸ்டன். நாட்டின் தலைமை நீதிபதி பதவி தனக்கு வேண்டும் என்று அவர் வாஷிங்டனுக்குக் கடிதமும் எழுதினார். வாஷிங்டன் அதைக் கொடுத்தது ஜேக்கு. ஹாமில்டனுக்கு நிதித் துறை. லிவிங்ஸ்டனுக்கு ஒன்றும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு நட்பு ஏற்கெனவே நைந்திருந்தது, அதோடு அறுந்தது. லிவிங்ஸ்டன் குடும்பம் மெல்ல மெல்ல ஜெஃபர்சன் பக்கம் சாய்ந்தது. கட்சிகள் எப்படி உருவாயின என்று கேட்பவர்களிடம் கொள்கை வேறுபாட்டை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். வங்கி, வரி, பிரான்சு, பிரிட்டன் என்ற பெரிய சண்டைகளோடு இப்படிப்பட்ட மனத்தாங்கல்களும் சேர்ந்துதான் கட்சிகள் ஆயின.

வழக்கே இல்லாத நீதிமன்றம்

உச்ச நீதிமன்றம் என்றதும் இன்றைய பளிங்குக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். 1790 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் வணிகர்கள் கூடும் ஒரு கட்டடத்தின் மாடியில் முதல் அமர்வு. ஆறு நீதிபதிகளில் மூன்று பேரே வந்திருந்தார்கள். அமர்வு நடத்தத் தேவையான எண்ணிக்கை இல்லை, மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். மறுநாளும் விசாரிக்க வழக்கு இல்லை. உண்மையான வேலை சாலையில் இருந்தது. நீதிபதிகளே ஆண்டுக்கு இருமுறை மாவட்டம் மாவட்டமாகப் போய் நீதிமன்றம் நடத்த வேண்டும். குண்டும் குழியுமான பாதை, குதிரை வண்டி, கிடைத்த சத்திரத்தில் படுக்கை. ஜேக்கு நியூயார்க்கும், நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் வடகிழக்கு மாநிலங்களும் பங்கு.

ஆனாலும் இரண்டு காரியங்கள் நிலைத்தன. பிரான்சும் பிரிட்டனும் போரிட்ட 1793இல், நடுநிலை குறித்துப் பல சட்டக் கேள்விகளை எழுதி வாஷிங்டன் நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். கேட்டவர் தன்னை நியமித்தவர், நண்பர். ஜேயும் மற்ற நீதிபதிகளும் மரியாதையோடு மறுத்தார்கள். நீதிமன்றம் வழக்கைத் தீர்க்கும், அரசுக்கு ஆலோசனை சொல்லாது என்ற வழக்கம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்றுவரை தொடர்கிறது. இன்னொன்று அதே ஆண்டின் சிஷம் எதிர் ஜார்ஜியா வழக்கு. ஒரு மாநிலத்தின் மீது வேறு மாநிலத்துக் குடிமகன் வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தார்கள். மாநிலங்கள் கொதித்தன, அரசமைப்புக்குப் பதினோராவது திருத்தம் கொண்டுவந்து தீர்ப்பை மாற்றினார்கள்.

நீதிபதியாக இருந்துகொண்டே தேர்தலில் நிற்பது அன்று தடையில்லை. 1792இல் நியூயார்க் ஆளுநர் தேர்தலில் ஜார்ஜ் கிளின்டனை எதிர்த்து நின்றார். மூன்று மாவட்ட வாக்குகளை நடைமுறைக் குறை சொல்லித் தள்ளிவிட்டு, 108 வாக்கு வித்தியாசத்தில் கிளின்டன் வென்றதாக அறிவித்தார்கள். ஆதரவாளர்கள் தெருவில் இறங்கத் தயாராக இருந்தார்கள். ஜே சாராவுக்கு எழுதினார்: இன்னும் சில ஆண்டுகளில் நாம் எல்லோரும் மண்ணாகிவிடுவோம், அன்று, மாநிலத்தை ஆண்டதைவிட என்னை நானே ஆண்டதுதான் எனக்குப் பெரிதாக இருக்கும். எட்டு ஆண்டு கழித்து ஹாமில்டனின் கடிதத்தின் மேல் எழுதிய கை இதே கைதான்.

சென்னைவரை நீண்ட ஒப்பந்தம்

1794இல் பிரிட்டனோடு மறுபடி போர் மூளும் நிலை. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. வடமேற்குக் கோட்டைகளைப் பழைய ஒப்பந்தப்படி காலி செய்யவில்லை. வாஷிங்டன் ஜேயை லண்டனுக்கு அனுப்பினார். நவம்பர் 19 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்துக்கு ஜே ஒப்பந்தம் என்றே பெயர். கோட்டைகள் காலியாயின. தீராத கணக்குகளை இரு நாட்டு ஆணையங்கள் பேசித் தீர்ப்பது என்று முடிவானது. நாடுகளுக்கிடையிலான நடுவர் தீர்ப்பு முறைக்கு அது முன்னோடி. ஆனால் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துப் பிரிட்டிஷ் கப்பலில் வேலை வாங்குவதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

ஊரெங்கும் ஜேயின் கொடும்பாவி எரிந்தது. செனட்டில் 20க்கு 10 என்று தேவையான மூன்றில் இரண்டு பங்கு சரியாகக் கிடைத்தது. கீழவையில் பழைய நண்பர்கள் எல்லோரும் எதிரில் நின்றார்கள். ஒப்பந்தத்தின் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும் என்று வாஷிங்டனை நெருக்கிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எட்வர்ட் லிவிங்ஸ்டன், அதாவது ராபர்ட்டின் தம்பி. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளைச் சேர்ந்து எழுதிய மாடிசன். முடிவில் 51க்கு 48 என்ற வாக்கில் ஒப்பந்தம் பிழைத்தது.

இந்த ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு நம் கரைக்கு வருகிறது. கிழக்கிந்தியாவில் பிரிட்டனுக்கு உட்பட்ட துறைமுகங்களில், அதாவது மதராஸ், கல்கத்தா போன்ற இடங்களில், அமெரிக்கக் கப்பல்கள் வந்து வியாபாரம் செய்யலாம் என்று அது எழுத்தில் உறுதி கொடுத்தது. அதற்கு முன்பே, 1784 டிசம்பரில், 'யுனைடெட் ஸ்டேட்ஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் புதுச்சேரிக்கு வந்திருந்தது. ஜே லண்டனில் பேசிக்கொண்டிருந்த அதே 1794இல் மதராசில் அமெரிக்காவுக்கு ஒரு தூதரக முகவரும் நியமிக்கப்பட்டார். நிபந்தனைகளும் இருந்தன. இங்கே ஏற்றிய சரக்கை அமெரிக்காவில்தான் இறக்க வேண்டும். துறைமுகத்துக்குத் துறைமுகம் கரையோர வியாபாரம் கூடாது. பிரிட்டன் போரில் இருக்கும்போது தனி அனுமதி இல்லாமல் ஆயுதமோ கப்பல் தளவாடமோ அரிசியோ ஏற்றக் கூடாது. ஆயுதத்துக்கும் தளவாடத்துக்கும் பக்கத்தில் அரிசி!

ஆளுநர், பிறகு விவசாயி

1795 மே மாதம் லண்டனிலிருந்து திரும்பி இறங்கியபோது, ஊரில் இல்லாமலேயே ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். தலைமை நீதிபதி பதவியை விட்டுவிட்டார். 1798இல் மறுதேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர், வேறு யார், ராபர்ட் ஆர். லிவிங்ஸ்டன். ஜே வென்றார்.

ஆளுநராக அவர் செய்ததில் பெரியது 1799ஆம் ஆண்டின் சட்டம். 1785இல் நியூயார்க்கில் அடிமைகள் விடுவிப்புச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் ஜே, ஹாமில்டனும் உறுப்பினர். அவர்கள் 1787இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நிறுவினார்கள். அந்த முயற்சியின் தொடர்ச்சிதான் சட்டம். 1799 ஜூலை 4க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சட்டப்படி சுதந்திரம் பெறும். ஆனால் ஆண் என்றால் 28 வயதுவரை, பெண் என்றால் 25 வயதுவரை தாயின் எஜமானரிடம் ஊழியம் செய்ய வேண்டும். பெனுவாவுக்கு எழுதிய அதே கணக்கு, மாநிலம் அளவுக்குப் பெரிதாகி நின்றது. 1790 கணக்கெடுப்பில் ஜே வீட்டிலேயே ஐந்து அடிமைகள் இருந்தார்கள். அடிமைகளை விலைக்கு வாங்கி, அவர்கள் உழைப்பு விலைக்கு ஈடானதும் விடுவிக்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அடிமை முறையை எதிர்த்தவரா, அடிமை வைத்திருந்தவரா என்று கேட்டால் இரண்டும்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

1800 டிசம்பரில், கேட்காமலேயே, அதிபர் ஆடம்ஸ் அவரை மறுபடி தலைமை நீதிபதியாக நியமித்தார், செனட்டும் ஒப்புக்கொண்டது. அந்த நீதிமன்றத்துக்கு வேண்டிய வலுவும் கௌரவமும் இல்லை என்று சொல்லி ஜே மறுத்துவிட்டார். அந்த நாற்காலி ஜான் மார்ஷலுக்குப் போனது. 34 ஆண்டு அதில் இருந்து, ஜே இல்லை என்று சொன்ன வலுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இன்னொரு திருப்பமும் உண்டு. 1786இல், ஸ்பெயினோடு வியாபாரம் கிடைப்பதற்காக மிசிசிப்பி ஆற்றில் கப்பல் விடும் உரிமையை 25 ஆண்டு விட்டுக்கொடுக்கலாம் என்று ஜே யோசனை சொல்லி, தெற்கத்தி மாநிலத்தார் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். அதை மிகக் கடுமையாக எதிர்த்தவர் ஜேம்ஸ் மன்றோ. 1803இல் அந்த ஆற்றின் முகத்துவாரத்தோடு லூயிசியானா என்ற பெரும் நிலப்பரப்பு முழுவதையும் பிரான்சிடமிருந்து விலைக்கு வாங்கியவர்கள் அந்த மன்றோவும் ராபர்ட் லிவிங்ஸ்டனும். ஜே இருபது ஆண்டுக்கு முன் உட்கார்ந்து பேசிய அதே பாரிசில்.

1801இல் பதவி முடிந்ததும் பெட்ஃபோர்டு என்ற கிராமத்துக்கு, தாய்வழி வந்த நிலத்துக்குப் போனார். வீட்டு வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. பல ஆண்டு பிரிவுக்குப் பிறகு சாராவோடு சேர்ந்து இருக்கக் கட்டிய வீடு. மறு ஆண்டு மே மாதம் சாரா இறந்தார், வயது 45. ஹாமில்டன் 1804இல் துப்பாக்கிச் சண்டையில் போனார். ஜே இன்னும் நெடுங்காலம் அங்கேயே இருந்தார். மரக்கன்று, பழத்தோட்டம், பைபிள், பழைய நண்பர்களுக்குக் கடிதம். 1827 ஜூலை 4 அன்று நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை சட்டப்படி முற்றிலும் முடிந்தபோது அவருக்கு 81 வயது. இளைய மகன் வில்லியம் பிற்காலத்தில், தந்தையைப் போலப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்க வேண்டும் என்று எழுதியவர்.

1829 மே 17 அன்று ஜே இறந்தார். வசதியான வீடுகளில் சாவுக்கு வந்தவர்களுக்குத் துண்டும் மோதிரமும் கொடுப்பது அன்றைய வழக்கம். தன் உயிலில் அது வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக ஊரிலுள்ள ஏழை விதவை ஒருவருக்கோ அநாதை ஒருவருக்கோ 200 டாலர் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது யார் என்பதைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டார்.